இரண்டு நூல் முகம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் நோட்டைத் திறந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். மூடி வையுங்கள், பிள்ளைகளே. காற்று எந்த வேகத்தில் வந்தால் எந்தச் சக்கரம் எவ்வளவு சுற்றும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரில் மீனை நீந்தவிட்டு, அதன் வால் தண்ணீரை எப்படித் தள்ளுகிறது என்று கலர் கலராகப் பார்க்கிறீர்கள். நேற்று ஒரு தங்கச்சி எனக்குக் காட்டியது. அசந்துபோனேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. வேலை, செட்டிங். சக்கரத்தில் இறக்கைகளை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சரியான சாய்வு வைப்பது. என் கை பட்ட சக்கரம் ஓடாமல் நின்றதே கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு சக்கரம் ஓடக் கூடாத விதத்தில் ஓடியது. ஓட வைத்தவனும் நான்தான். இன்றைக்கு அந்தக் கதை மட்டும் போதும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் எங்கள் பட்டறை இருந்தது. சுற்றிலும் நூற்பாலைகள். ஆலைக்குள் காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரக் காற்றை உள்ளே தள்ளுவதற்கு ஆள் உயர ஃபேன்கள் வேண்டும். அவற்றை வார்த்து, கடைந்து, சேர்த்து, மில்லில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. எனக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, எட்டு மணி சங்கு ஊதுவதற்குள் பட்டறைக்குள் இருப்பேன்.

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு இறக்கைக்கும் நாலு உறுப்புகள். காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகும் விளிம்பு, மூக்கு. பின்னால் மெலிந்து முடிவது, வால். காற்றைத் தள்ளுகிற குழிந்த பக்கம் முகம். மறுபக்கம் புடைத்திருப்பது முதுகு. இறக்கையைச் சக்கரத்தின் மையத்தில் இருக்கும் குடத்தில் மாட்டி, காற்றைப் பார்க்க அதைக் கொஞ்சம் திருப்பி வைப்பதற்கு 'முகம் கொடுப்பது' என்று பெயர். எவ்வளவு முகம் என்பதை நூல் கணக்கில் சொல்வோம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். "நாலு நூல் முகம் குடு" என்று சொன்னால், இடது கட்டைவிரலை வாலில் வைத்து, வலது கையால் ஸ்பேனரைப் பிடித்து, ஒரே திருப்பு. பிறகு யார் வேண்டுமானாலும் கேஜ் வைத்து அளந்து பார்க்கலாம். நான் கேஜைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் கேஜ் வைப்பதைப் பார்த்தால் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அப்படி ஒரு திமிர்.

அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நாங்கள் மேடம் என்போம். அவர் என்னை அண்ணே என்பார். கையில் சுருட்டிய வரைபடம். கடலலையில் மின்சாரம் எடுக்க ஒரு சக்கரம் வார்த்துத் தர வேண்டும் என்றார்.

விஷயம் இதுதான். கடல் ஓரத்தில் ஒரு பெரிய காங்கிரீட் பெட்டி. அடிப்பக்கம் தண்ணீருக்குள் திறந்திருக்கும். அலை ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று மேலே உள்ள துவாரம் வழியாக வெளியே பீறிடும். அலை இறங்கும்போது வெளிக்காற்று அதே துவாரம் வழியாக உள்ளே பாயும். துவாரத்தில் சக்கரம். காற்று வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அது ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும்.

வரைபடத்தை மேசையில் விரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. சாய்வும் கிடையாது. சக்கரம் சுற்றுகிற தளத்திலேயே தட்டையாகப் படுத்திருந்தது.

"மேடம், இதுல முகம் எது, முதுகு எது?"

"ரெண்டும் இல்லண்ணே. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"அப்பக் காத்து எதப் பிடிச்சுத் தள்ளும்? படம் போட்டவுக தப்பாப் போட்ருக்காக."

"போட்டது நான்தான்."

அவர் கணக்கை எடுத்து விளக்கினார். எனக்கும் புரியவில்லை, முதலாளிக்கும் புரியவில்லை. புரிந்தது பாய்க்கு. பாய் என்றால் எங்கள் பேட்டர்ன் மேக்கர். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் அச்சு செதுக்குகிறவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்லதெல்லாம் அவர் கேலி செய்ததால் கிடைத்தது. அன்றைக்கு அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் சைக்கிள் கேரியரில் மூடி போட்ட பித்தளைத் தூக்குவாளியோடு வந்தார். அதைப் பட்டறையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தார். கண்மாயில் பிடித்த உயிர்க் கெண்டை ஒன்று துள்ளி விழுந்தது.

"ஏலே, இங்க வா. மேல இருந்து குனிஞ்சு பாரு. இதுல முகம் எது, முதுகு எது?"

பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் மீனுக்கு இரண்டு விலாவும் ஒன்றுதான். முன்னால் மழுங்கல், பிறகு கனம், பின்னால் மெலிந்து வால்.

"வால இந்தப் பக்கம் அடிக்குதா? பொறவு அந்தப் பக்கம் அடிக்குதா? மீனு எந்தப் பக்கம் போவுது?"

"முன்னாலதான் போவுது பாய்."

"அம்புட்டுத்தான் மேடம் சொல்லுறாக. ஒனக்கு வெளங்க ஒரு மீனப் பிடிக்க வேண்டியிருக்கு."

மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டார். "நான் மூணு வருஷமா நோட்டு நோட்டா எழுதினதை இவர் ஒரு தொட்டியில காட்டிட்டாரே" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொட்டிப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மீனை ஈரத்துணியில் பிடித்துத் தாளில் வைத்து மேலிருந்து கோடு இழுத்துக்கொண்டார். அவருடைய படத்தில் மூக்கு கூர்மையாக இருந்தது, மீனுக்கு அது மழுங்கலாக, கனமாக இருந்தது. இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வந்து, "மூக்கு கனமா இருந்தா காத்து நழுவாம ஒட்டிப் போகும். மீனுதான் சரி" என்றார். பழைய படத்தைப் பார்த்து அதற்குள் பாதி செதுக்கியிருந்த அச்சைப் பாய் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செதுக்கினார். உங்கள் படிப்பில் இதற்கு இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது என்று பெரிய பெயர் இருக்கிறதாம். எங்களுக்குக் கெண்டை மூக்கு.

எட்டு இறக்கையும் வார்ப்பில் நன்றாக வந்தது. சக்கரத்தைச் சேர்த்தோம். சோதனைக்காக மில் ஃபேன் ஒன்றைத் தகரக் குழாயின் ஒரு முனையில் வைத்து, நடுவில் மேடத்தின் சக்கரத்தை மாட்டினோம். குழாயில் ஒரு தடுப்புத் தகடு. அதன் கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்தால் காற்று முன்னால் போகும், மறுபக்கம் சாய்த்தால் பின்னால் போகும்.

ஃபேனைப் போட்டோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. சக்கரம் அசையவில்லை.

மேடம் பதறவில்லை. "நிக்கிற சக்கரத்தை இது கிளப்பாது. மீனும் வால அடிச்சாத்தான போகும்? நாம முதல்ல சுத்திவிடணும். ஓட ஆரம்பிச்சா, பக்கவாட்டுல வர்ற காத்தும் மூக்குல சாய்வாத்தான் மோதும். அப்புறம் அதுவே இழுத்துக்கும்" என்றார். கடலில் மோட்டார் வைத்துச் சுற்றிவிடுவார்களாம். இங்கே அந்த மோட்டார் இன்னும் வரவில்லை. ஆயில் எஞ்சினைக் கிளப்புவது மாதிரி சக்கரத்தின் அச்சுத்தண்டில் கயிறு சுற்றி இழுத்தோம். அப்போது ஓடியது. ஆனால் அதற்குள் பட்டறை முழுக்கச் சிரிப்பு. ஒருவன், "மேடம், மாடு கட்டி இழுக்கவா?" என்று கேட்டுவிட்டான். அவர் முகம் சிவந்துபோனது.

மறுநாள் காலை அவருடைய நிலையத்திலிருந்து மூன்று அதிகாரிகள் சக்கரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. சாயங்காலம் முதலாளி அவரைக் கூப்பிட்டார். முதலாளி நல்ல மனிதர், ஆனால் பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் பதற்றம் வந்துவிடும்.

"அம்மா, கயித்தச் சுத்தி இழுத்துக் காட்டுனா அவிய என்ன நெனப்பாக? நம்ம பட்டறை மானம் என்னத்துக்கு ஆகும்?"

"சார், என் நெலமை அதவிட மோசம். நாளைக்கு அவங்க வேண்டாம்னு எழுதிட்டா திட்டத்த மூடிருவாங்க. என் வேல தற்காலிகம். நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போகப் பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை, இவ்வளவு பாடுபட்டிருக்கிறது, கேவலம் ஒரு கயிற்றால் கெட்டுப்போக வேண்டுமா? ஐந்து மணி சங்கு ஊதி எல்லாரும் கிளம்பிய பிறகு ஸ்பேனரை எடுத்தேன். எட்டு இறக்கைக்கும் இரண்டிரண்டு நூல் முகம் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஃபேனைப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் தானாகக் கிளம்பிச் சீறிக்கொண்டு ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைப்பிடியை மறுபக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் மில் ஃபேன் வாழ்நாள் முழுக்க ஒரே பக்கம்தான் ஊதும். பதினோரு வருடம் அதையே பார்த்த மூளை.

மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையில் ஆச்சரியப்பட்டு, "எப்படிண்ணே?" என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பாராட்டு வாங்கும் ஆசைதான். வேறென்ன சொல்ல?

காலை பதினொன்றரை மணிக்குக் காரில் மூன்று பேர் வந்தார்கள். மூவரில் பெரியவர் மெலிந்த ஆள், பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மேடம் கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு, "முதல்ல நாம சுத்திவிடணும் சார்" என்று ஆரம்பிக்கும்போதே நான் ஃபேன் ஸ்விட்சைப் போட்டேன்.

சக்கரம் தானாகக் கிளம்பியது. ஒரு நிமிடத்தில் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே வட்டமாகிவிட்டன. அதிகாரிகள் கை தட்டினார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்திருந்தது. கை தடுப்புத் தகட்டின் கைப்பிடிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் மறுபக்கக் காற்று என் நினைவுக்கு வந்தது.

"பிரமாதம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அதிகாரிகளில் ஒருவர். முதலாளி, "சாப்பாடு ஆறிரும் சார். ஆண்டாள் கோயில் கோபுரத்தப் பாத்துட்டு, பால்கோவா வாங்கிட்டு, நாலு மணிக்கு வாங்க. காயிதத்துல கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பலாம்" என்று அழைத்துப்போனார். கார் கிளம்பியது.

கார் போனதும் மேடம் கைப்பிடியைச் சாய்த்தார். காற்று திரும்பியது. சக்கரம் முனகியது. குழாயே அதிர்ந்தது. வேகம் குறைந்து, நின்று, பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. பாய் வந்து ஃபேனை நிறுத்தினார். ஒரு இறக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் கேலி செய்யாமல் இருந்தால் எனக்குப் பயம் வரும்.

அதிகாரிகளைச் சாப்பாட்டில் உட்கார வைத்துவிட்டு முதலாளி திரும்பி வந்தார். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் அவருக்கு வீட்டுப் பேச்சுத் தெலுங்கு வந்துவிட்டது. "ஏமிரா இதி? என்னலே இது?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு கொஞ்சம் யோசித்துக் குரலை இறக்கினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அவியளுக்குத் திருப்தி. நாலு மணிக்குக் கையெழுத்து ஆயிரும். கடலுக்குக் கொண்டுபோன பொறவு சரி பண்ணிக்கிடலாம். நமக்குள்ள இருக்கட்டும்."

மேடம் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். "கடல்ல இது பக்கத்துல ஒரு ஆளு நிப்பாரு சார். தெனமும் பாத்துக்கிற ஆளு. நிமிஷத்துக்கு ஏழெட்டுத் தடவை காத்து திரும்பும். ஒவ்வொரு தடவையும் இது இப்படி மல்லுக்கட்டுனா அச்சு இணைப்பு எத்தன நாள் தாங்கும்? பிச்சுக்கிட்டு வந்தா அவர் மேலதான் விழும்" என்றார்.

"அதுக்குள்ளதான் சரி பண்ணிருவோமேம்மா."

"கையெழுத்து ஆன சக்கரத்துல யாரும் கை வைக்க விடமாட்டாங்க சார். பாத்தது என்னவோ அதுதான் போகணும்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "இல்ல... எப்படியாவது எழுதிக் கேட்டு மாத்திக்கலாமோ என்னவோ" என்றார்.

முந்தைய நாள் வரை, கணக்குப் போட்டுப் பார்க்காமல் வரைபடத்தில் ஒரு கோட்டைக் கூட மாற்றாத பிள்ளை. நான் செய்த வேலை அவரை இப்படிப் பேச வைத்துவிட்டது. பிள்ளைகளே, தப்பு செய்வது ஒன்று. நம் தப்பை இன்னொரு நல்ல ஆள் சுமக்க ஆரம்பிப்பது வேறு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"வேண்டாம் மேடம்" என்றேன். "கை வச்சது நான். நாலு மணிக்குள்ள பழையபடி ஆக்கிருவேன். அவியகிட்ட நானே சொல்லுதேன்."

"சொல்லி? வேல போனா நீ வாங்கிக் குடுப்பியா அவுகளுக்கு?" என்றார் முதலாளி.

மேடம்தான் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஸ்பேனர எடுங்கண்ணே" என்றார்.

மணி ஒன்றேகால். எட்டு இறக்கைதானே, அரை மணி வேலை என்று நினைத்தேன். முதல் இறக்கையைத் தளர்த்தி, கட்டைவிரலை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். மேடம் கேஜ் வைத்தார். கால் நூல் முகம் இருந்தது. மறுபடி தளர்த்தினேன். மறுபடி கால் நூல். மூன்றாவது தடவையும் அதே பக்கம் அதே கால் நூல். எனக்கு வியர்த்துவிட்டது. எந்தச் சாய்வு கேட்டாலும் கண்ணால் வைக்கிறவன், ஒரு சாய்வும் இல்லாமல் வைக்க முடியவில்லை. கை அதுவாகவே கொஞ்சம் முகம் கொடுத்துவிடுகிறது. பதினோரு வருடப் பழக்கம், நான் நினைத்தால் நிற்கவில்லை.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "ஒன் கை ஒன் பேச்சையே கேக்க மாட்டேங்குது. இந்தக் கைய நம்பியாலே ஊரெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்ச?"

"கேலி பண்ண நேரமா பாய் இது?"

"மேடம், நீங்க அந்தப் பக்கமாப் போயி உக்காருங்க. இவன் இந்தப் பக்கம் இருக்கட்டும். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கேஜ் வைங்க. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் நான் இறுக்குவேன்."

ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்கு அது அடி வாங்கியது மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வழிதான் பலித்தது. சக்கரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மேடம். நான் "வந்துருச்சு" என்பேன், அவர் "இன்னும் மயிரிழை உங்க பக்கம் இருக்கு" என்பார். இறக்கைக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆனது. யாரும் சாப்பிடவில்லை. எட்டாவது இறக்கையை இறுக்கும்போது வெளியில் கார் ஹாரன் கேட்டது.

அதிகாரிகள் கையில் பால்கோவா பொட்டலங்களோடு உள்ளே வந்தார்கள். முதலாளி காகிதங்களை மேசையில் எடுத்து வைத்தார். பெரியவர் பேனாவைத் திறந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். "சார், காலையில நீங்க பாத்தது மேடத்தோட சக்கரம் இல்ல. என் சக்கரம். தானா ஓடணும்னு அவுகளுக்குத் தெரியாம நான் சாய்வு வச்சுட்டேன். அது ஒரு பக்கக் காத்துக்குத்தான் ஓடும். இப்பத்தான் அவுக போட்ட படத்துப்படி வச்சிருக்கோம். இதப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பெரியவர் பேனாவை மூடிச் சட்டையில் சொருகினார். "காட்டுங்க" என்றார்.

ஃபேனைப் போட்டேன். சக்கரம் அசையவில்லை. அதிகாரிகளில் இளையவர், "இது என்னங்க, காலையில நல்லாத்தான ஓடுச்சு?" என்று முகத்தைச் சுளித்தார். மேடம் அச்சுத்தண்டில் கயிற்றைச் சுற்றினார். நானும் அவரும் சேர்ந்து ஓர் இழுப்பு. சக்கரம் சோம்பலாக நாலு சுற்று சுற்றியது. நின்றுவிடும் போல இருந்தது. இன்னொரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் காற்று பிடித்துக்கொண்டது. ஊய் என்று ஒரு சத்தம் எழுந்து ஏறிக்கொண்டே போனது.

மேடம் கைப்பிடிப் பக்கம் போனார். பெரியவர் கை காட்டி நிறுத்தினார். "நான் செய்றேன்." அவரே கைப்பிடியைச் சாய்த்தார். காற்று திரும்பியது. சத்தம் கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது. சக்கரம் அதே பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி சாய்த்தார். அதே பக்கம். பிறகு அந்த மனிதர் விளையாட்டு கண்ட பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சக்கரம் காற்றைப் பற்றிக் கவலையே படவில்லை.

நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க இங்க என்ன வேல பாக்குறீங்க?"

"செட்டிங் சார்."

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு, "எழுதுறோம்" என்று ஒரே சொல்லோடு காரில் ஏறிவிட்டார். மேடம் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் நான் மன்னிப்புக் கேட்டேன். "நேத்து என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே" என்று மட்டும் சொன்னார். அது போதும், பல நாள் தூக்கம் போவதற்கு.

மூன்று வாரம் முதலாளி என்னோடு பேசவில்லை. செட்டிங்கிலிருந்து எடுத்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கும் வேலையில் போட்டார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டின்போது பாய் மட்டும் தன் தூக்குவாளியோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். கேஜ் எப்படிப் பிடிப்பது என்று கரண்டியை வைத்துச் சொல்லிக்கொடுத்து வெறுப்பேற்றுவார்.

பிறகு நிலையத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, நின்றுகொண்டே தமிழாக்கிச் சொன்னார். சக்கரத்தை ஏற்றுக்கொண்டார்கள். திட்டம் தொடரும். மேடமே அதைப் பார்த்துக்கொள்வார். கடைசியில் ஒரு வரி: சக்கரத்தைக் கடலில் மாட்டுவதற்கு, பிற்பகலில் பேசிய தொழிலாளியை அனுப்பவும்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க முதலாளி" என்றேன். வாசித்தார். மூன்றாம் தடவை கேட்டதற்கு, "போய் வேலையப் பாருலே" என்று சிரித்துவிட்டார். நான் கிரீஸ் கையோடு ஓடிப்போய்ப் பாயைக் கட்டிப்பிடித்தேன். அவர் வெள்ளைச் சட்டை பாழாய்ப்போனதற்கு ஒரு வாரம் திட்டினார்.

கடலுக்குப் போனேன். இரண்டு பக்கமும் இரண்டு கேஜ் வைத்து, நான் ஒரு பக்கமும் மேடம் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து எட்டு இறக்கையையும் மாட்டினோம். ஸ்பேனரை இந்தத் தடவை என் கையில் கொடுத்தார்கள். மோட்டார் சுற்றிவிட, சக்கரம் பிடித்துக்கொண்டது. அலை ஏறியது, இறங்கியது. காற்று வெளியே போனது, உள்ளே வந்தது. சக்கரம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் அழுதுவிட்டார். நானும்தான்.

அந்த மேடையில் ஓர் ஆள் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். சக்கரத்தைத் தினமும் பார்த்துக்கொள்ள நிலையம் அமர்த்தியிருந்த ஆள். எங்கள் பட்டறையில் அந்தப் பகல் முழுக்க அவரைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேச்சு வந்தது. அவருக்கு அதெல்லாம் தெரியாது. சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டு இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்கதான் மாட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கு வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைக. தெனமும் இது பக்கத்துலதான் நிக்கணும்னு சொல்லியிருக்காவ. நிக்கலாமா?"

"நில்லுங்க" என்றேன்.

அவர் முன்னால் வந்து நின்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.